ஒடுங்குவதும் ஒடுக்குவதும்: ஒரு பட்டாணிப் பாடம்

(சாதி ஒழிப்பு குறித்து இளைஞர்கள் நடத்திய வாசிப்பு வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



அழைப்பில் என் பேச்சுக்குத் தலைப்பாகப் "பட்டாணிச் செடி" என்று போட்டிருந்ததைப் பார்த்துவிட்டு, வாசலில் ஒரு தம்பி "சமையல் குறிப்பா அக்கா?" என்று கேட்டார். சமையலும் கொஞ்சம் வரும். ஆனால் பத்தாம் வகுப்பு அறிவியலில் இருந்து தொடங்குகிறேன். உங்களில் பெரும்பாலோர் படித்து, தேர்வில் எழுதி, மறந்துபோன பாடம் அது. நெட்டைச் செடி, குட்டைச் செடி, நாலு கட்டம், மூன்றுக்கு ஒன்று. இருபது ஆண்டுகளுக்கு மேலாக அதை நடத்திக்கொண்டிருக்கிறேன். ஒரு முறை மிக மோசமாக நடத்தினேன்.

பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. அது ஆங்கில வழி வகுப்பு. பலகையில் 'டாமினன்ட்', 'ரெசஸிவ்' என்று எழுதி, பக்கத்தில் தமிழிலும் ஓங்கு பண்பு, ஒடுங்கு பண்பு என்று எழுதியிருந்தேன். கடைசி வரிசையில் இருந்து ஒரு பையன் எழுந்தான். கையில் கலர் கயிறு கட்டியிருந்தான். எந்தக் கலருக்கு எந்தச் சாதி என்று அந்த வகுப்பில் எல்லோருக்கும் தெரியும்.

"டீச்சர், நியூஸ்ல டாமினன்ட் காஸ்ட்னு சொல்றாங்களே, அது இதுதானா? அப்ப எஸ்.சி.ல்லாம் ரெசஸிவ்வா?"

வகுப்பு சிரித்தது. மூன்றாவது வரிசையில் இருந்த ஒரு பெண் மட்டும் சிரிக்கவில்லை. குனிந்து, நோட்டில் ஏற்கெனவே போட்டிருந்த நாலு கட்டத்தின் கோடுகள் மேலேயே திரும்பத் திரும்பப் பேனாவை ஓட்டிக்கொண்டிருந்தாள். தாள் கிழிந்துவிடும்போல இருந்தது.

அந்தப் பையன் குத்திக் காட்டக் கேட்டானா, உண்மையிலேயே தெரியாமல் கேட்டானா? இன்று யோசித்தால், தெரியாமல்தான் கேட்டான் என்று நினைக்கிறேன். நல்ல கேள்வி. நான் சொன்ன பதில் இது: "தேவையில்லாததெல்லாம் பேசாதே, பரீட்சைக்கு வர்றதைப் பாரு."

ஏன் அப்படிச் சொன்னேன்? நானும் அந்த 'ரெசஸிவ்' பட்டியலில் வருகிறவள்தான். அந்த ஊரில் வீடு வாடகைக்குப் பிடித்தபோது சாதியைச் சொல்லாமல் பிடித்திருந்தேன். ஆசிரியர் அறையிலும் யாருக்கும் தெரியாது. அந்தக் கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொல்லத் தொடங்கினால் என் குரல் நடுங்கும், குரல் நடுங்கினால் தெரிந்துவிடும் என்று பயந்தேன். ஆகவே தோழர்களே, இன்று நான் பேசப்போவது பதினோரு ஆண்டு தாமதமாக வரும் ஒரு பதில்.

முதலில் அந்தச் செடி.

கிரிகோர் மெண்டல் 1822இல் பிறந்தவர். இன்று செக் நாட்டில் இருக்கும் ஒரு சிற்றூரைச் சேர்ந்த குடியானவர் வீட்டுப் பிள்ளை. படிக்கப் பணமில்லை. தங்கை தெரேசியா தன் சீதனப் பணத்தில் ஒரு பங்கைக் கொடுத்துத்தான் அண்ணன் படிப்பைத் தொடர்ந்தார். பிறகு புருன் நகரத்து மடத்தில் சேர்ந்தார். ஆசிரியர் தகுதித் தேர்வு எழுதித் தேறவில்லை. இங்கே டெட் தேர்வு எழுதிக்கொண்டிருக்கும் தோழர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

மடத்துத் தோட்டத்தில் 1856 முதல் 1863 வரை அவர் பட்டாணி வளர்த்தார். பட்டாணியைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. பட்டாணிப் பூ மூடிய பூ. அடியிதழ்கள் மகரந்தத்தையும் சூலகத்தையும் பொதிந்து வைத்திருப்பதால், பெரும்பாலும் தன் மகரந்தம் தன் மேலேயே விழும். வேறு செடியோடு சேர்க்க வேண்டுமென்றால் மொட்டு முதிரும் முன்பே பிரித்து, பத்து மகரந்தத்தாள்களையும் இடுக்கியால் ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுத்துவிட்டு, மற்ற செடியின் மகரந்தத்தைத் தடவ வேண்டும். இப்படி ஒன்றல்ல இரண்டல்ல, எட்டு ஆண்டுகள்.

உருண்டை விதைச் செடியையும் சுருங்கிய விதைச் செடியையும் சேர்த்தார். கிடைத்த விதைகள் எல்லாமே உருண்டை. சுருக்கம் காணாமல் போய்விட்டது. இதோடு நிறுத்தியிருந்தால் "உருண்டை வென்றது, சுருக்கம் அழிந்தது" என்று எழுதியிருக்கலாம். அவர் நிறுத்தவில்லை. அந்த விதைகளை நட்டு, 253 செடிகளை வளர்த்து, தானாகவே காய்க்கவிட்டார். 7324 விதைகள் கிடைத்தன. எண்ணினார். 5474 உருண்டை, 1850 சுருக்கம். போனது திரும்பி வந்துவிட்டது. கொஞ்சம் உருண்டை, கொஞ்சம் சுருக்கம் என்று கலங்கலாக வரவில்லை; பாட்டனிடம் இருந்த அதே சுருக்கம், அப்படியே.

அடுத்து அவர் செய்ததைப் பள்ளியில் நாங்கள் சரியாகச் சொல்லித் தருவதில்லை. உருண்டையாகத் தெரிந்த விதைகளையும் நட்டுப் பார்த்தார். 565 செடிகள். அவற்றில் 193 செடிகள் உருண்டை மட்டுமே காய்த்தன. மீதி 372 செடிகளில் உருண்டையும் சுருக்கமும் கலந்து காய்த்தன. அதாவது உருண்டை என்று வரிசையில் நின்றவற்றில் மூன்றில் இரண்டு பங்கு, உள்ளே சுருக்கத்தையும் வைத்திருந்தன. வெளித்தோற்றம் ஒன்று, உள்ளே இருப்பது வேறொன்று என்பது இப்படித்தான் தெரிந்தது.

தாய் வழியில் ஒன்று, தந்தை வழியில் ஒன்று என ஒவ்வொரு பண்புக்கும் செடியிடம் இரண்டு பிரதிகள் இருக்கின்றன. விதைக்குக் கொடுக்கும்போது ஏதாவது ஒன்றைத்தான் கொடுக்கும். இதுதான் அவர் கண்டடைந்தது. 1865இல் புருன் இயற்கை அறிவியல் கழகத்தில் இரண்டு மாலைகளில் வாசித்தார், 1866இல் அச்சானது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் அதன் மதிப்பை உலகம் உணரவில்லை. 1884இல் அவர் இறந்தார்; 1900இல்தான் மற்றவர்கள் அதைத் தேடி எடுத்தார்கள்.

இப்போது சொல்லுக்கு வருவோம். மெண்டல் ஜெர்மன் மொழியில் எழுதினார். கலப்பில் முன்னே தெரியும் பண்பை ஒரு சொல்லால் குறித்தார், தெரியாமல் போவதை 'ரெசஸிவ்' என்றார். ஏன் அந்தச் சொல் என்பதற்கு அவரே விளக்கம் தருகிறார்: அது கலப்புச் செடியில் பின்வாங்கிக்கொள்கிறது, அதன் பிள்ளைகளிடம் மாறாமல் திரும்ப வருகிறது. பின்வாங்குதல், அவ்வளவுதான் பொருள்.

தமிழில் நாம் 'ஒடுங்கு பண்பு' என்றோம். தமிழ் ஆசிரியர் யாராவது இங்கே இருந்தால் திருத்துங்கள். ஒடுங்கு என்பது தன்வினை. ஒடுக்கு என்பது பிறவினை. அடங்கு, அடக்கு மாதிரி. ஒடுங்குவதற்கு ஒருவர் போதும். ஒடுக்குவதற்கு இரண்டு பேர் வேண்டும், அதில் ஒருவர் கையில் அதிகாரம் வேண்டும். அந்தப் பையன் கேட்ட கேள்வியின் சிக்கல் முழுவதும் இந்த ஒரு எழுத்தில் இருக்கிறது. செடிக்குள் நடப்பது ஒடுங்குதலா, ஒடுக்குதலா?

இதற்கு 1990இல் விடை கிடைத்தது. இங்கிலாந்தின் ஜான் இன்னஸ் நிறுவனத்து ஆய்வாளர்கள் அந்தச் சுருக்கத்துக்குக் காரணமான மரபணுவைக் கண்டுபிடித்தார்கள். மாவுச்சத்து கிளைவிட்டு வளர உதவும் ஒரு நொதியை அது உருவாக்குகிறது. சுருங்கிய விதைகளில் இந்த மரபணுவின் நடுவே சுமார் 800 எழுத்து நீளத்தில் வேறொரு துண்டு வந்து செருகிக்கொண்டிருக்கிறது. அதனால் நொதி வேலை செய்வதில்லை. மாவு குறைகிறது, சர்க்கரை மிஞ்சுகிறது. சர்க்கரை நிறைந்த விதை இளசாக இருக்கும்போது தண்ணீரை நிறைய இழுத்து வைத்துக்கொள்ளும். காயும்போது அந்தத் தண்ணீர் வெளியேற, தோல் தொளதொளத்துச் சுருங்குகிறது.

ஒரு நல்ல பிரதியும் ஒரு செருகல் உள்ள பிரதியும் சேர்ந்திருக்கும் விதையில் என்ன நடக்கிறது? நல்ல பிரதி மட்டும் நொதியைச் செய்கிறது. விதை உருண்டையாக இருக்க அதுவே போதும். அவ்வளவுதான். உருண்டைப் பிரதி சுருக்கப் பிரதியின் கழுத்தை நெரிக்கவில்லை. அதன் தண்ணீரைப் பிடுங்கவில்லை, தெருவில் செருப்போடு நடக்கக் கூடாது என்று சொல்லவில்லை. இரண்டும் தத்தம் இடத்தில் இருக்கின்றன. ஒன்றின் வேலை வெளியே தெரிகிறது, மற்றதற்கு அந்த வேலை வராது. விதை கொடுக்கும் நேரத்தில் இரண்டுக்கும் சரிபாதி வாய்ப்பு. இதில் ஒரு துளி பாரபட்சம் இல்லை. இருந்திருந்தால் அந்த மூன்றுக்கு ஒன்று என்ற கணக்கே வந்திருக்காது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தக் கலப்பு விதையைக் கண்ணால் பார்த்தால் முழு உருண்டை. அதையே வெட்டி, நுண்ணோக்கியில் வைத்து மாவுச்சத்து மணிகளைப் பார்த்தால், அவை இரண்டு பெற்றோருக்கும் இடைப்பட்டவையாக இருக்கின்றன. அப்படியானால் உருண்டை 'ஓங்கு' பண்பா இல்லையா? எவ்வளவு கிட்டப்போய்ப் பார்க்கிறோம் என்பதைப் பொறுத்தது. ஓங்குதல் என்பது மரபணு தன் நெற்றியில் எழுதி வைத்திருக்கும் பட்டம் அல்ல. அந்திமந்தாரையை நினைத்துக்கொள்ளுங்கள். நம் வீட்டு வாசல்களில் சாயங்காலம் பூப்பது. சிவப்பையும் வெள்ளையையும் சேர்த்தால் இளஞ்சிவப்பு வருகிறது. அதில் யார் ஓங்கினார்கள், யார் ஒடுங்கினார்கள்?

சமையல் குறிப்பு என்று கேட்ட தம்பிக்கு: கடையில் உறைபனிப் பொட்டலமாக விற்கிறார்களே, குருமாவில் போடும் இனிப்பான பச்சைப் பட்டாணி, அது பெரும்பாலும் இந்தச் 'சுருங்கிய' வகைதான். அந்த இனிப்பு எங்கிருந்து வருகிறது என்று இப்போது உங்களுக்குத் தெரியும்.

'ஓங்கு' என்றதும் உயரம், பலம், பெரும்பான்மை எல்லாம் மனதில் ஓடுகின்றன. பட்டாணியில் நெட்டை ஓங்கு பண்பாகவும் குட்டை ஒடுங்கு பண்பாகவும் அமைந்தது இந்தக் குழப்பத்துக்கு வசதியாகப் போய்விட்டது. ஆனால் கோதுமையைப் பாருங்கள். பசுமைப் புரட்சியில் பரவிய குட்டைக் கோதுமையில், குட்டையாக்கும் மரபணு ஒரு பிரதி இருந்தாலே செடியின் உயரத்தைக் குறைத்துவிடும். அங்கே குட்டைதான் ஓரளவுக்கு ஓங்கி நிற்கிறது. நெல்லில் மறுபடியும் தலைகீழ். பிலிப்பைன்சில் உள்ள பன்னாட்டு நெல் ஆய்வு நிறுவனத்தில் 1962இல், இந்தோனேசியாவின் பீட்டா என்ற நெட்டை நெல்லையும் தைவானின் டீ-ஜியோ-வூ-ஜென் என்ற குட்டை நெல்லையும் சேர்த்தார்கள். முதல் தலைமுறை முழுக்க நெட்டை. இரண்டாம் தலைமுறையில் கால் பங்கு குட்டை. மெண்டலின் அதே கணக்கு. அந்தக் கால் பங்கில் இருந்து வந்ததுதான் 1966இல் வெளியான ஐ.ஆர். 8. உங்கள் தாத்தாக்களுக்குத் தெரிந்த பெயர். பாரம் தாங்காமல் சாய்ந்துவிடும் நெட்டைப் பயிருக்குப் பதிலாக, கதிரைச் சுமந்துகொண்டு நிமிர்ந்து நின்ற பயிர் அது; அந்தக் குட்டை, ஒடுங்கு பண்பு. (அதன் பலன் யார் வயலுக்குப் போனது, உரக் கடன் யார் தலையில் விழுந்தது என்பதெல்லாம் இன்னொரு கூட்டத்துக்கு.)

அடுத்தது, ஓங்கு பண்பு காலப்போக்கில் பெருகி, ஒடுங்கு பண்பை ஒழித்துவிடாதா என்ற கேள்வி. மெண்டலைத் தேடி எடுத்த சில ஆண்டுகளிலேயே இந்தக் கேள்வி இங்கிலாந்தில் எழுந்தது. நாலு கட்டத்துக்குப் பெயர் கொடுத்த பன்னெட், தன்னோடு கிரிக்கெட் ஆடும் கணித நண்பரிடம் இதைக் கொண்டுபோனார். அந்த நண்பர் ஜி.எச். ஹார்டி. பின்னால் நம் ராமானுஜனை கேம்பிரிட்ஜுக்கு வரவழைத்த அதே ஹார்டி. 1908இல் ஒரு சிறு கடிதமாகப் பதில் எழுதினார். இது பெருக்கல் வாய்ப்பாடு தெரிந்தால் போடக்கூடிய கணக்கு என்ற தொனியில் இருக்கும். ஒரு கூட்டத்தில் உள்ள பிரதிகளில் நூற்றுக்கு எழுபது ஒடுங்கு வகை, முப்பது ஓங்கு வகை என்று வையுங்கள். தேர்வோ தடையோ இல்லாமல் எல்லாரும் எல்லாரோடும் கலந்தால், நூற்றுக்கு 49 பேரிடம் ஒடுங்கு பண்பு வெளியே தெரியும். அடுத்த தலைமுறையிலும் 49. அதற்கடுத்தும் 49. ஓங்குவதால் மட்டும் எதுவும் பெருகாது. மனிதர்களில் ஆறு விரல் சில குடும்பங்களில் ஓங்கு பண்பாக வருகிறது. நாம் எல்லோரும் ஆறு விரலோடு இல்லை. 'ஓ' ரத்தவகை ஒடுங்கு பண்பு. உலகில் அதிகம் பேருக்கு இருப்பது அதுதான்.

கலக்கவே விடாமல் வைத்தால் என்ன ஆகும் என்றும் மெண்டல் கணக்குப் போட்டார். அகமணமுறையைப் பற்றிப் படிக்கிறவர்களுக்கு இது சுவையான இடம். கலப்புச் செடியில் தொடங்கி, ஒவ்வொரு தலைமுறையும் தனக்குள்ளேயே மகரந்தம் சேர்ந்துகொண்டு போனால், பத்துத் தலைமுறையில் 2048 செடிக்கு 1023 தூய ஓங்கு, 1023 தூய ஒடுங்கு. கலப்பு? இரண்டே இரண்டு. ஒரே செடியின் வாரிசுகள், கதவைச் சாத்தியதால் மட்டும் இரண்டு 'தூய' வகைகளாகப் பிரிந்துவிடுகின்றன. இரு பக்கமும் சரிசமம். தூய்மை என்பது தோட்டத்தில் தானாக முளைத்து வரவில்லை, சாத்திய கதவால் வந்தது. 1916இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இருபத்தைந்து வயது அம்பேத்கர், சாதியின் சாரமே அகமணம்தான் என்று வாசித்த கட்டுரையை அறிந்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

ஆனால் மெண்டலைப் படித்த எல்லோரும் இப்படி எண்ணிப் பார்க்கவில்லை. அமெரிக்காவின் கோல்ட் ஸ்பிரிங் ஹார்பர் என்ற இடத்தில் இருந்த ஆய்வு நிலையத்துக்கு சார்லஸ் டாவன்போர்ட் இயக்குநர். 1910இல் அங்கே இனமேம்பாட்டுப் பதிவகம் என்ற ஒன்றைத் தொடங்கினார். குடும்பங்களின் வறுமை, குடிப்பழக்கம், படிப்பின்மை எல்லாவற்றையும் பட்டாணி விதையின் சுருக்கம்போல் வரைபடமாகப் போட்டார்கள். 1912இல் கோடார்ட் என்ற உளவியலாளர், மந்தபுத்தி என்பது ஒரே ஒரு ஒடுங்கு பண்பு என்று புத்தகமே எழுதினார். அப்புறம் சட்டம் வந்தது. கேரி பக் என்ற ஏழைப் பெண்ணுக்குக் கட்டாயக் கருத்தடை செய்யலாம் என்று 1927இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த நாட்டில் அறுபதாயிரம் பேருக்கு மேல் இப்படி அறுக்கப்பட்டார்கள். 1933இல் ஹிட்லரின் ஆட்சி இதற்கென்றே சட்டம் போட்டு, சுமார் 4 லட்சம் பேருக்குச் செய்தது. பாருங்கள், ஒடுங்குதல் எங்கே ஒடுக்குதலாக மாறுகிறது என்று. மருத்துவமனை மேசையில்.

வேடிக்கை என்னவென்றால், அதே கோல்ட் ஸ்பிரிங் ஹார்பரில், அதே டாவன்போர்ட்டின் கீழ், ஜார்ஜ் ஷல் என்பவர் மக்காச்சோளம் வளர்த்துக்கொண்டிருந்தார். தலைமுறை தலைமுறையாகத் தன் மகரந்தத்தாலேயே காய்க்கவிட்டதில் செடிகள் குன்றின, விளைச்சல் சரிந்தது. இப்படிக் குன்றிப்போன இரண்டு 'தூய' வழிகளைச் சேர்த்தபோது அடுத்த தலைமுறை திமிறிக்கொண்டு வளர்ந்தது. 1908இல் எழுதினார். இன்றைய கலப்பின மக்காச்சோளம் அதில் இருந்து வந்தது. அலுவலக அறையில் தூய்மையைப் பற்றிப் பிரசங்கம், சன்னலுக்கு வெளியே வயலில் அதற்கு மறுப்பு.

நம் நாட்டிலும் சாதியை இனமேம்பாடு என்று நியாயப்படுத்தியவர்கள் இருந்தார்கள். அவர்களுக்கு அம்பேத்கர் 1936இல் பதில் சொன்னார். லாகூரின் ஜாத்-பாத்-தோடக் மண்டல் அழைத்துவிட்டு ரத்து செய்த அந்த உரையைத்தான் சொல்கிறேன். தன் செலவில் 1500 படிகள் அச்சிட்டார். பெரியார் அதை 'ஜாதியை ஒழிக்க வழி' என்று தமிழில் கொண்டுவந்தார். நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். ஆனால் அதில் பட்டாணி இருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. மெண்டலை ஆங்கில உலகுக்குக் கொண்டுசென்ற வில்லியம் பேட்சனின் புத்தகத்தை அம்பேத்கர் அங்கே எடுத்துக் காட்டுகிறார். உயர் மனத்திறன்கள் ஏதோ ஒரே ஒரு மரபுக் கூறால் வருபவை அல்ல, பல காரணிகள் சேர்ந்து அமைபவை என்பது பேட்சனின் கருத்து. மரபியலுக்கு அப்போது வயது முப்பத்தாறு. டி.என்.ஏ.வின் வடிவம்கூடத் தெரியாது. சாதிக்கு அறிவியல் சாயம் பூச வந்தவர்களை, அந்த அறிவியலின் முன்னோடியை வைத்தே மடக்குகிறார். ஒரு வட்டாரத்துப் பார்ப்பனரும் அதே வட்டாரத்துத் தீண்டப்படாதவரும் ஒரே மக்கள் வழி, தூரத்து வட்டாரத்துப் பார்ப்பனர்தான் வேறு வழி என்றும் அதே உரையில் வாதிடுகிறார்.

பேட்சன் சொன்னது எவ்வளவு சரி என்பதற்கு ஒரு கணக்கு. பட்டாணியில் நெட்டைக்கும் குட்டைக்கும் இடையே உள்ளது ஒரே மரபணு; அதில் ஒரே ஒரு எழுத்து மாறினால் போதும், வளர்ச்சி ஊக்கியான ஜிப்பரெல்லின் போதுமான அளவு உருவாகாது, செடி குட்டை. மனித உயரத்துக்கு? 54 லட்சம் பேரின் தரவுகளை வைத்து 2022இல் வெளிவந்த ஆய்வு, மரபணுத்தொகுதியில் 12,000க்கும் மேற்பட்ட இடங்களைக் காட்டியது. சத்துணவு இல்லையென்றால் அந்தப் பன்னிரண்டாயிரமும் சேர்ந்தும் பிள்ளையை வளர்த்துவிடாது. வெறும் உயரத்துக்கே இந்தப் பாடு.

இங்கே நம்மவர்களிடமும் ஒரு சண்டை போட வேண்டும். நம் மேடைகளில் சில பேச்சாளர்கள், சாதி மறுப்புத் திருமணத்தில் பிறக்கும் பிள்ளைகள் அறிவாளிகளாக இருப்பார்கள், கலப்பின வீரியம் இருக்கும் என்று கை தட்டல் வாங்குகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். ஷல்லின் மக்காச்சோளம் தனக்குத் தானே மகரந்தம் சேர்த்துச் சேர்த்துக் குன்ற வைக்கப்பட்டது. எந்தச் சாதி மக்களும் அப்படி இல்லை. அகமணத்தின் விளைவாகச் சில மரபு நோய்கள் கூடும் என்பது உண்மை. ஹைதராபாத் உயிரியல் மையத்தினரும் வெளிநாட்டு ஆய்வாளர்களும் 2017இல் வெளியிட்ட ஆய்வில், தெற்காசியாவின் 263 சமூகக் குழுக்களைப் பார்த்ததில், 81 குழுக்கள் மிகச் சிறிய முன்னோர் கூட்டத்தில் இருந்து கிளைத்து உள்ளுக்குள்ளேயே மணந்து வந்திருக்கின்றன. பின்லாந்து மக்களையும் அஷ்கெனாசி யூதர்களையும் விடத் தீவிரமாக. இரண்டு பிரதியும் பழுதானால்தான் வரும் ஒடுங்கு நோய்கள் அப்படிப்பட்ட இடங்களில் தலைகாட்டும். மருத்துவர்கள் அறிய வேண்டிய செய்தி இது. ஆனால் இளவரசனும் சங்கரும் கோகுல்ராஜும் இறந்துபோனது, நல்ல விதை தேடிப் போனதால் அல்ல. ஒருத்தியை விரும்பினார்கள், அல்லது ஒருத்தியோடு பேசினார்கள். பிறக்கும் பிள்ளை கணக்கில் மக்காக இருந்தாலும் அந்த உரிமை உரிமைதான். நாம் கலப்புத் திருமணம் என்ற சொல்லை விட்டு, சாதி மறுப்புத் திருமணம் என்று சொல்லப் பழகியதே இதற்காகத்தான். கலப்பு என்றால் முன்னே இரண்டு தூய சரக்கு இருந்ததாக ஆகிவிடும்.

எனக்கும் சாதி மறுப்புத் திருமணம்தான். மகள் பிறந்த மூன்றாம் நாள் என் மாமியார் குழந்தையை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்க் காது மடலைத் திருப்பிப் பார்த்தார். பெரிசானா என்ன நெறம் வரும்னு காதுல தெரியுமாம். "எங்க பக்கம்தான்" என்று சிரித்தார். பிரசவ வலியைவிட அது வலித்தது. தோல் நிறம் ஓங்கு ஒடுங்கு என்று இரண்டு பெட்டியில் அடங்காது, பல மரபணுக்கள் சேர்ந்து வருவது என்று அவரிடம் பாடம் நடத்தவில்லை. அவர் இப்போது பேத்தியை விட்டு ஒரு நாள் இருக்க மாட்டார். அது வேறு வழியில் வந்த மாற்றம்.

அந்தப் பையன் விஷயத்துக்கு வருகிறேன். போன வருடம் கல்யாணப் பத்திரிகையோடு வீட்டுக்கு வந்தான். இரு வீட்டார் பெயருக்குப் பின்னாலும் ஒரே சாதிப் பட்டம் இருந்தது. உட்கார வைத்துக் காபி கொடுத்தேன். பத்தாம் வகுப்பில் கேட்ட கேள்வி ஞாபகம் இருக்கிறதா என்றேன். இல்லை என்றான். எனக்கு ஞாபகம் இருக்கிறது என்று சொல்லி, உங்களிடம் இப்போது சொன்னதில் பாதியை அவனிடம் சொன்னேன். என் சாதியையும் சொன்னேன். காபி ஆறிப்போனது. மூன்றாவது வரிசைப் பெண் எங்கே இருக்கிறாள் தெரியுமா என்று கேட்டேன். அவனுக்கும் தெரியவில்லை.

பத்திரிகையைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தான். கிளம்பும்போது கேட்டான்: "இதை ஏன் டீச்சர் அன்னைக்கே சொல்லல?"

பயந்துட்டேன்டா என்றேன்.

சரி தோழர்களே, நேரமாகிவிட்டது. கேள்விகளைக் கேளுங்கள். பரீட்சைக்கு வராததையும் கேட்கலாம்.